வக்கீல் எழுதிய கடன் பத்திரம்

டக்கோட்டா மக்களிடையே ஏஜெண்டாக இருந்த பிளாண்ட்ரோவின் கதை

1857-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி. அமெரிக்காவின் வடக்கு எல்லைப்புறத்தில் 28 வயது வாலிபர் ஒருவர் ஒரு பத்திரம் எழுதினார்.

அவர் படிப்பால் வக்கீல். உத்தியோகத்தால் சர்க்கார் ஏஜெண்டு. பத்திரத்தில் கண்ட தொகை 500 டாலர். மூன்று மாதத்துக்குள் அந்தத் தொகையை மினசோட்டா பிரதேச சர்க்கார் கொடுத்துவிடும் என்று அதில் அவர் உறுதி கூறியிருந்தார்.

ஆனால் அப்படி எழுத அவருக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை! மினசோட்டா பிரதேசத்தின் பெயரால் கடன் வாங்க ஓர் ஏஜெண்டுக்கு ஏது உரிமை? சட்டம் படித்த அவருக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தேதான் எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

பத்திரத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் டக்கோட்டா இனத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள். வெள்ளையர் எழுதிய பத்திரங்களை நம்பித் தங்கள் நாட்டையே இழந்த மக்கள் அவர்கள்.

அந்த வக்கீலின் பெயர் சார்லஸ் யூஜின் பிளாண்ட்ரோ. அவர் ஏன் அந்தப் பத்திரத்தை எழுதினார்? அந்தக் கடன் அடைபட்டதா? ஐந்தே வருடங்களில் அதே பிளாண்ட்ரோ டக்கோட்டா மக்களை எதிர்த்து ஏன் துப்பாக்கி எடுக்க நேர்ந்தது?

கப்பலில் சேர்ந்த சிறுவன்

பிளாண்ட்ரோ 1828-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி நியூயார்க் நகரத்தில் பிறந்தார். தந்தை தாமஸ் பிளாண்ட்ரோ ஒரு வக்கீல்.

மகனுக்கோ படிப்பில் நாட்டம் இல்லை. கடல்தான் அவரை இழுத்தது. 13-வது வயதில் கடற்படையில் சேரப் போனார். வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்ப மனமில்லை. சர்க்காரின் சுங்கக் கப்பல் ஒன்றில் சாதாரண மாலுமியாக ஏறிவிட்டார். சில வருடங்கள் கடலிலேயே கழிந்தன. கரைக்கு வந்த பிறகு மகாகனி மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார்.

அதன் பின்புதான் தந்தையிடம் திரும்பிச் சென்று சட்டம் படித்தார். 1851-ல் வக்கீலானார். இரண்டு வருடம் கழித்து, 1853 நவம்பரில், ஒரு நண்பருடன் மினசோட்டாவுக்குப் புறப்பட்டார். அப்போது மினசோட்டா ஒரு மாகாணம் ஆகவில்லை. வாஷிங்டன் சர்க்காரின் கீழிருந்த எல்லைப் பிரதேசம், அவ்வளவுதான்.

மினசோட்டா ஆற்றங்கரையில் திராவர்ஸ் தெ ஸியூ என்ற சிற்றூரில் அவர் குடியேறினார். ஊரில் ஆட்களே குறைவு. வழக்குகள் எங்கிருந்து வரும்? குளிர்காலத்தில் ஓநாய்களைக் கொன்று, தோலை விற்று, அந்தக் காசில் வயிறு வளர்த்தார் வக்கீல்!

நிலம் போன கதை

அந்தச் சிற்றூரில்தான், பிளாண்ட்ரோ வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, டக்கோட்டா மக்களின் தலையெழுத்து எழுதப்பட்டிருந்தது.

டக்கோட்டா என்றால் நண்பர்கள், கூட்டாளிகள் என்று பொருள். அந்த மக்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் பெயர் அது. ஸியூ என்பது பிறர் இட்ட பெயர். மினசோட்டா என்ற பெயரே டக்கோட்டா மொழிச் சொல்தான். ஆறும் ஏரியும் புல்வெளியும் நிறைந்த அந்த நாட்டில் அவர்கள் வேட்டையாடினார்கள், மக்காச்சோளம் பயிரிட்டார்கள், ஏரிகளில் தானாக விளையும் காட்டு அரிசியைச் சேர்த்தார்கள்.

1851-ம் ஆண்டு கோடையில் வாஷிங்டன் சர்க்காரின் பிரதிநிதிகள் வந்தார்கள். இரண்டு ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ஒன்று இந்தத் திராவர்ஸ் தெ ஸியூவில். மற்றது மெண்டோட்டா என்ற ஊரில். சுமார் 2 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலம் கைமாறியது. விலை சுமார் 30 லட்சம் டாலர். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 12 அல்லது 13 சென்ட்தான். ஒரு டாலருக்கு 100 சென்ட்.

அந்தப் பணமாவது முழுதாகக் கைக்கு வந்ததா? இல்லை. பெரும்பகுதியைச் சர்க்காரே வைத்துக்கொள்ளும். 50 வருடத்துக்கு வட்டியை மட்டும் ஆண்டுதோறும் கொடுக்கும். 50 வருடம் முடிந்ததும் அசல் சர்க்காருக்கே சொந்தம்!

இன்னொரு சூழ்ச்சியும் நடந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தலைவர்களிடம் மற்றொரு காகிதத்தையும் நீட்டினார்கள். அதுவும் ஒப்பந்தத்தின் நகல் என்றே பலர் நினைத்தனர். உண்மையில் அது வியாபாரிகளின் கடன் சீட்டு. டக்கோட்டா மக்கள் பட்ட கடன் என்று வியாபாரிகள் சொன்ன தொகை, ஒப்பந்தப் பணத்திலிருந்து நேரே வியாபாரிகளுக்குப் போயிற்று.

டக்கோட்டா மக்களுக்கு மிஞ்சியது ஆற்றின் இரு கரையிலும் பத்துப் பத்து மைல் அகலமுள்ள ஒதுக்கு நிலம். அந்த நிலத்துக்குத்தான் 1856-ல் பிளாண்ட்ரோ ஏஜெண்டாக வந்தார். அவரை நியமித்தவர் ஜனாதிபதி பியர்ஸ்.

ஏஜெண்டின் வேலை

ஏஜெண்டு என்றால் வாஷிங்டன் சர்க்காருக்கும் டக்கோட்டா மக்களுக்கும் நடுவில் நிற்பவர். ஆண்டுத் தொகையைப் பட்டியல்படி பங்கிட்டுக் கொடுப்பது அவர் வேலை. மாவு, இறைச்சி, கம்பளி முதலியவை இருக்கும் கிடங்கின் சாவி அவரிடம். பள்ளிக்கூடம், உலைக்களம், உழவு எல்லாம் அவர் மேற்பார்வை.

ஒதுக்கு நிலத்தில் இரண்டு நிலையங்கள் இருந்தன. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ரெட்வுட் என்ற இடத்தில் ஒன்று. மேல்பகுதியில் எல்லோ மெடிசின் என்ற ஆற்றங்கரையில் மற்றொன்று.

வேட்டை நிலம் போன பிறகு, அந்த ஆண்டுத் தொகையையும் கிடங்கையும் நம்பியே பல குடும்பங்கள் வாழ்ந்தன. ஏஜெண்டு நல்லவராக இருந்தால் அடுப்பு எரியும். இல்லாவிட்டால் பட்டினிதான்.

பனிக்காலக் கொலைகள்

பிளாண்ட்ரோ பதவி ஏற்ற சில மாதங்களில் கடுமையான குளிர்காலம் வந்தது. பனி மலைபோல் குவிந்தது. வேட்டை கிடைக்கவில்லை.

டக்கோட்டா மக்களில் இங்க்படூட்டா என்ற ஒருவர் தலைமையில் ஒரு சிறு கூட்டம் தனியே திரிந்தது. ஒப்பந்தத்தில் அந்தக் கூட்டத்தாருக்குப் பங்கில்லை. மற்ற டக்கோட்டா மக்களோடும் உறவில்லை. 1854-ல் இங்க்படூட்டாவின் நெருங்கிய உறவினர் ஒருவரைக் குடும்பத்தோடு ஒரு வெள்ளைச் சாராய வியாபாரி கொன்றுவிட்டுத் தப்பியோடினான். அவனுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. அந்த வடு ஆறாமல் இருந்தது. இப்போது பசியும் சேர்ந்துகொண்டது.

1857 மார்ச் மாதம், தெற்கே அயோவா மாகாணத்தில் ஸ்பிரிட் ஏரிப் பக்கம் குடியிருந்த வெள்ளையர்கள் மீது அந்தக் கூட்டம் பாய்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆண், பெண், குழந்தை என்ற பேதமே இல்லை. நான்கு பெண்களைச் சிறை பிடித்துக்கொண்டு கூட்டம் மேற்கே போய்விட்டது. நால்வரில் ஒருத்தி அபி கார்ட்னர் என்ற 13 வயதுச் சிறுமி.

செய்தி கிடைத்ததும் பிளாண்ட்ரோ ரிட்ஜ்லி கோட்டைக்குச் சென்று உதவி கேட்டார். ஒரு கம்பெனிப் படை கிளம்பியது. பிளாண்ட்ரோவும் கூடப் போனார். இடுப்பளவு பனி. வண்டிகள் புதைந்தன. வழியையே வெட்டி உண்டாக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. பிணங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார்கள்.

படையா, பணமா?

கூட்டத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டும் என்று ஊரே கொதித்தது. பிளாண்ட்ரோவும் அதற்குத் திட்டம் போட்டார். ஆனால் ஒரு கேள்வி அவரைத் தடுத்தது. சிப்பாய்களின் தலை தெரிந்த மறு நிமிடமே சிறைப்பட்ட பெண்களைக் கொன்றுவிட மாட்டார்களா?

இந்தக் குழப்பத்துக்கு விடை டக்கோட்டா மக்களிடமிருந்தே வந்தது.

வேட்டைக்குப் போயிருந்த இரண்டு டக்கோட்டா சகோதரர்கள் இங்க்படூட்டாவின் கூடாரத்துக்குப் போக நேர்ந்தது. சிறைப்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். அவர்களைப் போகச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. கூலி தருவதாகவும் யாரும் சொல்லவில்லை. தங்களிடம் இருந்த பொருள்களை எல்லாம் கொடுத்து, மார்கரெட் மார்பிள் என்ற பெண்ணை விலைக்கு வாங்கினார்கள். பல நாள் நடந்து, அவளைப் பத்திரமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். ஒருவர் பெயர் மக்பியகஹோட்டன். மற்றவர் பெயர் சிஹஹோட்டா.

பத்திரம் பிறந்தது

மார்பிளைக் கண்டதும் பிளாண்ட்ரோவுக்கு வழி புலப்பட்டது. படை செய்ய முடியாததைப் பரிசு செய்யும்! இந்தச் சகோதரர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தால், மீதிப் பெண்களை மீட்கவும் ஆட்கள் முன்வருவார்கள் அல்லவா?

சகோதரர்களுக்கு மொத்தம் 1,000 டாலர் என்று முடிவு செய்தார். ஆனால் அங்கே திரட்ட முடிந்த ரொக்கம் 500 டாலர்தான். மீதிக்கு என்ன செய்வது?

அப்போதுதான் அந்தப் பத்திரம் பிறந்தது. டக்கோட்டா மக்களிடையே பல வருடம் வாழ்ந்து, அவர்கள் மொழிக்கு அகராதி தொகுத்த ஸ்டீபன் ரிக்ஸ் பாதிரியாரும் பிளாண்ட்ரோவும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். இன்னார் இன்ன உதவி செய்தார்கள், பாதித் தொகையைப் பெற்றுக்கொண்டார்கள், மீதியை மூன்று மாதத்தில் மினசோட்டா கொடுக்கும் என்று அதில் கண்டிருந்தது. மினசோட்டாவின் பெருந்தன்மையில் தங்களுக்கு முழு நம்பிக்கை உண்டு என்றும் எழுதியிருந்தார்கள். அதிகாரம் இல்லாத இடத்தில் நம்பிக்கையை வைத்துப் பத்திரம் எழுதினார் வக்கீல்!

பத்திரம் செல்லுபடியாயிற்றா? ஆயிற்று. பெண்களை மீட்பதற்காக மினசோட்டாவின் சட்டசபை 10,000 டாலர் ஒதுக்கியது. பிளாண்ட்ரோ எழுதிய கடன் முழுதும் அடைபட்டது.

மூவர் போனார்கள்

அடுத்த நாளே மற்றொரு குழு கிளம்பியது. மூவரும் டக்கோட்டா மக்களே. பால் மசகுடெமானி, ஜான் அதர் டே, சேடன்மாசா என்பவை அவர்கள் பெயர்கள். ஒரு வண்டி, குதிரைகள், கம்பளிகள், துணி, புகையிலை, வெடிமருந்து ஆகியவற்றைப் பிளாண்ட்ரோ கடனாகத் திரட்டிக் கொடுத்தனுப்பினார்.

நால்வரில் தாட்சர் என்ற பெண் வழியிலேயே கொல்லப்பட்டிருந்தாள். மூவரும் தேடிப் போனபோது நோபிள் என்ற பெண்ணின் உடல்தான் கிடைத்தது. மிஞ்சியவள் சிறுமி அபி. அவளை வேறு ஒரு கூட்டத்தார் விலைக்கு வாங்கி ஜேம்ஸ் ஆற்றங்கரையில் வைத்திருந்தார்கள். அங்கே தோல் கூடாரங்கள் நிறைந்த பெரிய முகாம். ஆள் பலத்தால் எதுவும் நடக்காது. மூவரும் பொறுமையாகப் பேரம் பேசினார்கள். கொண்டு போன பொருள்களைக் கொடுத்து அபியை மீட்டார்கள்.

ஜூன் மாதம் செயின்ட் பால் நகரில் கவர்னர் முன்னிலையில் அபி ஒப்படைக்கப்பட்டாள். மீட்டு வந்த மூவருக்கும் பரிசு கொடுக்கப்பட்டது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் இரண்டு உயிர்கள் மீண்டன.

இங்க்படூட்டாவின் மகன் எல்லோ மெடிசின் அருகே வந்திருப்பதாகப் பின்னர் தகவல் கிடைத்தது. சிறு படையோடு பிளாண்ட்ரோ இரவோடு இரவாகப் போனார். வழி காட்டியவர் அதே அதர் டே. நடந்த சண்டையில் அந்த மகன் மாண்டான்.

செய்தவர் ஒருவர், தண்டனை எல்லோருக்கும்

இதுவரை நடந்ததில் டக்கோட்டா மக்கள் செய்த உதவி கொஞ்சமா? அதற்கு வாஷிங்டன் என்ன கைம்மாறு செய்தது?

இங்க்படூட்டாவை டக்கோட்டா மக்களே பிடித்துக் கொடுக்க வேண்டும், அதுவரை ஆண்டுத் தொகை கிடையாது என்று உத்தரவு வந்தது! கொலைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆண்டுத் தொகையோ நிலம் விற்ற பணத்தின் வட்டி. யார் வீட்டுப் பணத்தை யார் நிறுத்துவது?

வேறு வழியில்லாமல் லிட்டில் க்ரோ என்ற தலைவர் நூறு பேருக்கு மேல் திரட்டிக்கொண்டு போனார். சண்டை நடந்தது, கூட்டத்தில் சிலர் மாண்டார்கள். இங்க்படூட்டா மட்டும் அகப்படவில்லை. பிறகு ஒருவாறு பணம் கொடுக்கப்பட்டது. ஆனால் மனக்கசப்பு நின்றுவிட்டது. ஒப்பந்தத்தை மீறினால் வெள்ளையரைத் தண்டிக்க யாரும் இல்லை என்று டக்கோட்டா மக்கள் கண்டுகொண்டார்கள்.

அதே கோடையில் பிளாண்ட்ரோவுக்குப் பதவி உயர்வு வந்தது. மினசோட்டா சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். மினசோட்டாவுக்கு அரசியல் சட்டம் எழுதிய மகாநாட்டிலும் அங்கம் வகித்தார். 1858-ல் மினசோட்டா மாகாணம் ஆனபோது, அவரே மீண்டும் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏஜெண்டு வேலை வேறு கைக்குப் போயிற்று.

பசி வந்தது

1858-ல் இன்னொரு ஒப்பந்தம். ஆற்றின் வடகரை முழுவதும் டக்கோட்டா மக்களின் கையை விட்டுப் போயிற்று. ஏக்கருக்கு 30 சென்ட் என்று விலை வைத்தார்கள். அதிலும் பெரும்பகுதி வியாபாரிகளின் கடனுக்கே சரியாய்ப் போயிற்று.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்த வருடம் புழு விழுந்து டக்கோட்டா மக்களின் பயிர் பாழாயிற்று. அடுத்த கோடையில் வீட்டில் தானியம் இல்லை. ஜூன் மாதம் வர வேண்டிய ஆண்டுத் தொகையும் வரவில்லை. தங்க நாணயமாகக் கொடுப்பதா, புதிதாக அச்சிட்ட நோட்டாகக் கொடுப்பதா என்று வாஷிங்டனில் யோசித்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது ஏஜெண்டாக இருந்தவர் தாமஸ் கால்பிரெய்த். அவரும் வக்கீல்தான். பணமும் உணவும் சேர்த்துத்தான் பங்கிடுவது வழக்கம் என்று அவர் சொன்னார். மேல் நிலையத்தில் பசி தாங்காத மக்கள் கிடங்கை உடைத்த பிறகே கொஞ்சம் உணவு கொடுத்தார். கீழ் நிலையத்தில் கிடங்கு பூட்டியே கிடந்தது. உள்ளே மூட்டைகள், வெளியே பசித்த குழந்தைகள்!

வியாபாரிகளும் கடன் கொடுக்க மறுத்தார்கள். பசித்தால் புல்லைத் தின்னட்டும் என்று ஆண்ட்ரு மைரிக் என்ற வியாபாரி சொன்னதாக ஊரெங்கும் பரவியது.

சில மணி நேரம்

1862 ஆகஸ்டு 17-ந் தேதி ஆக்டன் என்ற இடத்தில் நான்கு டக்கோட்டா இளைஞர்கள் ஐந்து வெள்ளையரைக் கொன்றார்கள். அன்று இரவே தலைவர்கள் கூடினார்கள். வெள்ளையர் பழி வாங்காமல் விடமாட்டார்கள், நாமே முந்திக்கொள்வோம் என்றார்கள் பலர். வெல்ல முடியாத போர் என்று லிட்டில் க்ரோவுக்குத் தெரியும். ஆயினும் தம் மக்களைக் கைவிட மனமின்றித் தலைமை ஏற்றார்.

மறுநாள் காலை கீழ் நிலையம் தாக்கப்பட்டது. மைரிக் கொல்லப்பட்டான். பிறகு அவன் பிணத்தைக் கண்டவர்கள், வாயில் புல் திணிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தார்கள்.

அதே ஆகஸ்டு 18-ந் தேதி, ரிட்ஜ்லி கோட்டைக்கு ஒரு வண்டி வந்து சேர்ந்தது. அதில் இருந்தது 71,000 டாலர். அத்தனையும் தங்க நாணயம். டக்கோட்டா மக்களுக்கு வர வேண்டிய ஆண்டுத் தொகை! இரண்டு மாதம் தாமதமாகக் கிளம்பிய தங்கம், சில மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் ரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது.

நியூ அல்ம் சண்டை

19-ந் தேதி விடியுமுன் நீதிபதி பிளாண்ட்ரோவின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. செய்தி கேட்டதும் குடும்பத்தாரைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஊரான செயின்ட் பீட்டருக்கு விரைந்தார். நூறு பேருக்கு மேல் ஆயுதத்தோடு கூடினார்கள். அவர்கள் பிளாண்ட்ரோவையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று இரவே நியூ அல்ம் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நியூ அல்ம் ஜெர்மானியர் குடியேறிய ஊர். சுற்று வட்டாரத்திலிருந்து ஓடி வந்த பெண்களும் குழந்தைகளும் அங்கே நிறைந்திருந்தார்கள். ஊர் நடுவே சில வீதிகளை மட்டும் வண்டிகளாலும் பீப்பாய்களாலும் அடைத்து அரண் கட்டினார்கள்.

23-ந் தேதி காலை டக்கோட்டா வீரர்கள் நூற்றுக்கணக்கில் ஊரை வளைத்தார்கள். வெளிப்புற வீடுகளுக்குத் தீ வைத்து, புகை மறைவில் முன்னேறினார்கள். மாலையில் பிளாண்ட்ரோ ஆட்களைத் திரட்டிக்கொண்டு எதிர்த்துப் பாய்ந்தார். ஊர் தப்பியது. ஆனால் சுமார் 190 கட்டிடங்கள் சாம்பலாயின. எதிரிக்கு மறைவிடம் ஆகாதபடி பிளாண்ட்ரோவே கொளுத்தச் சொன்ன வீடுகளும் அதில் அடங்கும்.

உணவும் மருந்தும் குறைந்துவிட்டன. 25-ந் தேதி ஊரையே காலி செய்ய முடிவு செய்தார். 153 வண்டிகளில் சுமார் 2,000 பேர் 30 மைல் தூரத்தில் உள்ள மன்காட்டோ நகருக்குப் போனார்கள். வழியில் தாக்குதல் எதுவும் இல்லை.

நியூ அல்மை ஒருவர் காத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், மேல் நிலையத்தில் இன்னொருவர் வெள்ளையரைக் காப்பாற்றினார். 62 பேரை இரவில் அழைத்துச் சென்று, புல்வெளிகளைக் கடந்து பத்திரமாகக் கொண்டு சேர்த்தார் அவர். யார் அவர்? அபியை மீட்டு வந்த ஜான் அதர் டே! பால் மசகுடெமானியும் போர் கூடாது என்று தம் மக்களிடமே எதிர்த்து வாதாடினார். அவரும் சமாதானம் விரும்பிய மற்றவர்களும் பாடுபட்டதால், 269 கைதிகள் செப்டம்பர் 26-ந் தேதி உயிரோடு விடுவிக்கப்பட்டார்கள்.

38 பேர்

ஆறு வாரத்தில் போர் முடிந்தது. வெள்ளையர் தரப்பில் நூற்றுக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். பழிக்குப் பழி என்ற கூச்சல் எழுந்தது.

ராணுவ விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதில் பிளாண்ட்ரோ இல்லை. 392 பேரை அது விசாரித்தது. வாதாட வக்கீல் கிடையாது. சில வழக்குகள் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. 303 பேருக்கு மரண தண்டனை! ஜனாதிபதி லிங்கன் கட்டுகளை வரவழைத்துப் பார்த்தார். பலரின் தண்டனையை நிறுத்தினார். ஆயினும் 1862 டிசம்பர் 26-ந் தேதி மன்காட்டோவில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேரைச் சட்டப்படி தூக்கிலிட்டது அந்த ஒரு முறைதான்.

சுமார் 1,600 பேர் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே ஓர் அடைப்பில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான். நோயால் பலர் இறந்தார்கள். 1863-ல் வாஷிங்டன் சட்டம் இயற்றியது. எல்லா ஒப்பந்தங்களும் ரத்து. ஆண்டுத் தொகை ரத்து. டக்கோட்டா மக்கள் மினசோட்டாவை விட்டே வெளியேற வேண்டும். போரில் சேராத பலரும் வெளியேற வேண்டியதாயிற்று.

அதிகாரமே இல்லாமல் எழுதிய 500 டாலர் பத்திரம் அடைபட்டது. ஜனாதிபதியும் செனட் சபையும் ஏற்று முத்திரையிட்ட ஒப்பந்தங்கள் ஒரே சட்டத்தில் கிழிந்தன!

பிளாண்ட்ரூ என்ற ஊர்

பிளாண்ட்ரோ 1864-ல் நீதிபதி பதவியை விட்டார். சில காலம் வெளியூர்களில் இருந்துவிட்டு மினசோட்டாவுக்கே திரும்பினார். 1867-ல் கவர்னர் தேர்தலில் நின்று தோற்றார். பிறகு செயின்ட் பால் நகரில் வக்கீல் தொழில் நடத்தினார். 1900-ல் மினசோட்டாவின் சரித்திரத்தை ஒரு நூலாக வெளியிட்டார். தம் பழைய நினைவுகளை எழுதியபோது, அந்தச் சிறு பத்திரத்தின் வாசகத்தையும் மறக்காமல் அச்சில் சேர்த்தார். 1903 செப்டம்பர் 9-ந் தேதி, 75-வது வயதில் காலமானார்.

மினசோட்டாவில் அவரை நியூ அல்மைக் காத்த வீரர் என்றே போற்றினார்கள். ஆனால் அவர் பெயர் நிலைத்த இடம் வேறு.

1857-ல், அவர் ஏஜெண்டாக இருந்த அதே ஆண்டில், ஒரு நிலக் கம்பெனியார் மேற்கே பிக் ஸியூ ஆற்றங்கரையில் ஓர் ஊருக்குத் திட்டம் போட்டு, அவர் பெயரை வைத்தார்கள். எழுத்தில் ஓர் எழுத்துக் கூடி, உச்சரிப்பில் பிளாண்ட்ரூ ஆயிற்று. முதலில் குடியேறிய வெள்ளையர் அங்கே நிலைக்கவில்லை. ஊர் வெறும் புல்வெளியாய்க் கிடந்தது.

1869-ல் அங்கே சில குடும்பங்கள் வந்தன. மொத்தம் 25 குடும்பங்கள். எல்லோரும் மினசோட்டாவிலிருந்து விரட்டப்பட்ட டக்கோட்டா மக்கள். அவர்களில் சிலர் போருக்குப் பிறகு வருடக்கணக்கில் சிறையில் இருந்தவர்கள். ஏஜெண்டும் வேண்டாம், ஆண்டுத் தொகையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றக் குடிமக்களைப் போலவே சொந்த நிலம் பெற்று உழவு செய்ய வந்தார்கள். மரக்கட்டைகளால் வீடு கட்டினார்கள். 1873-ல் மாதா கோயில் ஒன்றும் எழுப்பினார்கள்.

தூக்கில் மாண்டார் என்று உறவினர் நம்பியிருந்த ஒரு தந்தையும் அங்கே குடியேறினார். கனடாவில் வளர்ந்த தம் மகனைத் தேடிக் கண்டுபிடித்து, பிளாண்ட்ரூவுக்கு அழைத்து வந்து பள்ளிக்கு அனுப்பினார். ஓஹியேசா என்ற அந்தச் சிறுவன்தான் பின்னாளில் சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற புகழ்பெற்ற டாக்டரும் நூலாசிரியரும் ஆனார்.

அந்த ஊர் இப்போது தெற்கு டக்கோட்டா மாகாணத்தில் இருக்கிறது. அன்று வந்த குடும்பங்களின் சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். தங்களுக்கென ஒரு நிர்வாகத்தையும் வைத்திருக்கிறார்கள். அந்த நிர்வாகத்தின் பெயரிலும், ஒரு காலத்தில் இரண்டு டக்கோட்டா சகோதரர்களுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்து அதை அடைக்கச் செய்த அந்த வக்கீலின் பெயர் சேர்ந்தே இருக்கிறது.